கணுக்காலில் ஒரு கணக்கு

நடந்தால் வலி, நின்றால் நிம்மதி. கால் தமனியில் அடைப்பா என்று அறிய உலகெங்கும் டாக்டர்கள் முதலில் நாடுவது ஓர் எளிய ரத்த அழுத்தப் பரிசோதனையை. அது 'உண்டு' என்றால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்றால்?

பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை எத்தனை மின்கம்பங்கள் என்பது சிலருக்குத் துல்லியமாகத் தெரியும். மூன்றாவது கம்பம் வரை தொல்லை இல்லை. நான்காவதை நெருங்கும்போது கெண்டைக்கால் சதை இறுகத் தொடங்கும். ஐந்தாவதில் நின்றே ஆக வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் நின்றால் வலி போன இடம் தெரியாது. மறுபடி நடந்தால் அதே தூரத்தில் அதே வலி. நடுத்தெருவில் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, ஏதாவது ஒரு கடையை வேடிக்கை பார்ப்பதுபோல நிற்பார்கள். ஜெர்மன்காரர்கள் இதற்குக் 'கடைக் கண்ணாடி நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் இதன் பெயர் 'வயசாயிடுச்சு'. அதற்கு மேல் போனால் வாதம், நரம்புத் தளர்ச்சி, மூட்டுத் தேய்மானம். தைலமும் சத்து மாத்திரையும் மாறி மாறி வாங்கப்படும். உண்மையான காரணம் பல சமயம் கண்டுகொள்ளப்படுவதே இல்லை. இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனியின் உட்சுவரில் கொழுப்பு படிந்து, குழாய் குறுகிப்போயிருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது கால் தசைக்கு வேண்டிய ரத்தம் கொஞ்சம்தான். அது எப்படியோ வந்துசேரும். நடக்கும்போது தேவை பல மடங்காகிறது. குறுகிய குழாயால் ஈடுகொடுக்க முடிவதில்லை. தசை வலியால் முறையிடுகிறது.

இந்த முறையீட்டை முதலில் விளக்கியவர் ஒரு கால்நடை மருத்துவர் என்பது சுவையான செய்தி. 1831ல் பிரான்சில் பூலே என்பவர், சற்று தூரம் ஓடியதும் பின்னங்கால் நொண்டி, ஓய்வெடுத்ததும் சரியாகிவிடும் குதிரை ஒன்றைப் பற்றி எழுதினார். அதன் தொடைத் தமனிகள் அடைபட்டிருந்தன. மனிதருக்கும் அதே நோய் வரும் என்று 1858ல் விவரித்தவர் ஷார்கோ. குதிரையின் நோயை மனிதரில் அடையாளம் காண 27 ஆண்டுகள் ஆயின.

இன்று உலகில் இந்நோய் உள்ளவர்கள் சிலர் அல்ல. 2013ல் 'லான்செட்' இதழில் வெளியான மதிப்பீட்டின்படி, 2010ல் கால் தமனி நோயுடன் வாழ்ந்தவர்கள் சுமார் 20.2 கோடி பேர். இவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருந்தவர்கள். ஆக, இது பணக்கார நாடுகளின் நோய் என்ற பழைய எண்ணம் பொருந்தாது.

ஒரு வகுத்தல் கணக்கு

சோதனை என்னவோ எளிமையானது. நோயாளியைப் படுக்க வைத்து ஐந்து பத்து நிமிடம் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். பிறகு அதே பட்டையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே சுற்றுகிறார்கள். பாதத்தின் மேற்புறம் ஓடும் தமனி ஒன்று, கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஓடுவது ஒன்று. இரண்டிலும் அழுத்தம் அளக்கப்படுகிறது. மேல் எண்ணான சிஸ்டாலிக் மட்டுமே தேவை. கணுக்காலில் கிடைத்த எண்ணைக் கையில் கிடைத்த எண்ணால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

படுத்திருக்கும் ஆரோக்கியமான மனிதருக்குக் கணுக்காலில் அழுத்தம் கையைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். நாடித் துடிப்பின் அலை உடலின் கடைக்கோடிக்குப் போகப் போக உயர்ந்து எழுவதே காரணம். எனவே விடை 1 அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். வழியில் அடைப்பு இருந்தால் அதைத் தாண்டிய இடத்தில் அழுத்தம் குறையும். கையில் 140 மி.மீ., கணுக்காலில் 98 என்றால் விடை 0.70. அந்தக் காலில் அடைப்பு இருக்கிறது.

அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல் எல்லைகளை இப்படி வகுக்கிறது: 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் நோய், 0.91 முதல் 0.99 வரை இரண்டுங்கெட்டான், 1.00 முதல் 1.40 வரை சரியானது; 1.40க்கு மேல் போனால் தமனி இறுகிவிட்டது, அளவை நம்ப முடியாது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதில்லை. ரத்த அழுத்தமானியும் கையடக்கமான டாப்ளர் கருவியும் கால் மணி நேரமும் இருந்தால் போதும்.

போர்க்களம் தந்த ஓசை

இன்று எந்த கிளினிக்கிலும் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி டாக்டர் கேட்கும் அந்த 'டக், டக்' ஓசையை 1905ல் உலகுக்குச் சொன்னவர் ரஷ்ய அறுவை மருத்துவர் நிகோலாய் கொரோட்காவ். இத்தாலியரான ரிவா ரோச்சி 1896ல் கொடுத்த காற்றுப் பட்டையோடு கொரோட்காவின் ஓசையும் சேர்ந்ததில் பிறந்ததே நாமறிந்த ரத்த அழுத்தப் பரிசோதனை. கொரோட்காவ் தேடியது ரத்தக் கொதிப்பை அல்ல. ரஷ்ய-ஜப்பானியப் போரில் தமனி அறுபட்ட வீரர்களுக்குச் சிகிச்சை தந்தவர் அவர். பெரிய குழாயைக் கட்டிவிட்டால் பக்கவழிகளில் வரும் ரத்தத்தைக் கொண்டு கை, கால் பிழைக்குமா என்பதே அவருடைய கேள்வி. கை, காலின் ரத்த ஓட்டத்தைப் பற்றிய கவலையில் பிறந்த சோதனை, பிற்பாடு புஜத்தோடு நின்றுவிட்டது.

அதைக் கணுக்காலுக்குக் கொண்டு வரும் முயற்சியில் முக்கியமான பெயர் அமெரிக்க மருத்துவர் டிராவிஸ் வின்சர். கைகால்களின் வெவ்வேறு இடங்களில் அழுத்தத்தை ஒப்பிட்டு 1950ல் அவர் எழுதினார். ஆனால் கணுக்காலில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சாதாரணமாக ஓசை கேட்பதில்லை. அதற்கு ஒலியலையைப் பயன்படுத்தும் டாப்ளர் கருவி தேவைப்பட்டது. 1960களில் சியாட்டிலில் யூஜின் ஸ்ட்ராண்ட்னஸ் அதைக் கால் தமனிகளுக்குப் பயன்படுத்தினார். 1969ல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஜேம்ஸ் யாவோவும் சகாக்களும் கணுக்கால் அழுத்தத்தைக் கொண்டே நோயின் கடுமையை எடைபோடலாம் என்று காட்டினார்கள். அன்றிலிருந்து இந்த வகுத்தல் கணக்கு மருத்துவப் பாடப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது.

இரண்டு மி.மீ. தூரம்

எளிமைக்கு ஒரு விலை உண்டு. ஒரு நோயாளிக்குக் கையில் 140. கணுக்காலில் 126 என்றால் விடை சரியாக 0.90. அவர் நோயாளி. 128 என்றால் 0.91. அவர் இரண்டுங்கெட்டான். ரத்த அழுத்தமானியில் அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள தூரமே இரண்டு மி.மீ.தான். ஒரு கோட்டைச் சற்று மேலே படித்தாரா கீழே படித்தாரா என்பதில் ஒருவருக்கு நோய் இருப்பதும் இல்லாததும் முடிவாகிவிடுகிறது.

எந்த எண்ணை எடுப்பது என்பதிலும் குழப்பம். ஒரே கணுக்காலில் ஒரு தமனியில் 130, மற்றதில் 118 என்று வைத்துக்கொள்வோம். பெரிய எண்ணை எடுத்து 140ஆல் வகுத்தால் 0.93. சிறியதை எடுத்தால் 0.84. அதே கால், அதே நிமிடம், அதே கருவி. முதல் கணக்கில் தப்பித்தவர் இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறார். நோயைக் கண்டறிவதற்குப் பெரிய எண்ணை எடுப்பதே வழக்கம். ஆரோக்கியமானவருக்கு நோய்ப் பட்டம் கட்டிவிடாமலிருக்க அது உதவும். ஆனால் நோயாளிகள் சிலரை அது தவறவிடும்.

அளப்பவரின் கையும் சோதனையின் ஒரு பகுதி. பட்டை காலின் சுற்றளவுக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் எண் பிசகும். சோதனைக்குச் சற்று முன் பீடி பிடித்திருந்தால் பிசகும். படிக்கட்டு ஏறி வந்த கையோடு படுக்க வைத்தால் பிசகும். ஒரு கையில் மட்டும் பார்த்து, தற்செயலாக அந்தக் கைக்குப் போகும் தமனியிலேயே அடைப்பு இருந்தால், வகுக்கும் எண் சிறியதாகி, நோயுள்ள கால் நல்ல காலாகத் தெரியும். இரண்டு கைகளிலும் பார்க்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அந்த விதியே. முகாம்களுக்குக் கொண்டு வரப்படும் தானியங்கிக் கருவிகள் கை நடுக்கத்தைத் தவிர்க்கும். ஆனால் காலில் அழுத்தம் மிகவும் குறைந்தவர்களிடம் அவை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவதும், எண்ணே காட்டாமல் நின்றுவிடுவதும் உண்டு. நோய் கடுமையாக உள்ளவர்களிடம்தான் கருவி தடுமாறுகிறது.

இன்னொரு ஓட்டை, நோயாளி படுத்துக்கொண்டிருப்பது. வலி வருவதோ நடக்கும்போது. மிதமான அடைப்பு உள்ளவருக்கு ஓய்வில் அழுத்தம் சரியாகவே இருக்கலாம். நடைப்பட்டையில் நடக்கவிட்டோ, குதிகாலைப் பல முறை உயர்த்தி இறக்கச் சொல்லியோ உடனே மறுபடி அளந்தால், அதே காலில் அழுத்தம் சரிவது தெரியும். கணுக்கால் அழுத்தம் 30 மி.மீ.க்கு மேல் விழுந்தால், அல்லது விகிதம் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அடைப்பு என்று கொள்கிறார்கள். 'நடந்தால் வலிக்கிறது' என்று வந்தவரைப் படுக்க வைத்தே பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று அனுப்புவது, இருமல் என்று வந்தவரின் முழங்காலைப் பார்ப்பதைப் போன்றது.

இறுகிய குழாய்

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை சர்க்கரை நோயாளிகளிடம் இருக்கிறது. 1903ல் ஜெர்மன் நோய்க்குறியியல் நிபுணர் மென்கெபெர்க் ஒரு வகைத் தமனி இறுக்கத்தை விவரித்தார். இது உட்சுவரில் கொழுப்பு படிவது அல்ல. குழாயின் நடுச்சுவரில் கால்சியம் படிந்து, ரப்பர் குழாயாக இருக்க வேண்டியது இரும்புக் குழாயாக மாறுவது. நெடுநாள் சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, முதுமை ஆகிய மூன்றும் இதற்கு வழிவகுக்கும்.

ரத்த அழுத்தப் பரிசோதனையின் அடிப்படை, பட்டையில் காற்று ஏற ஏறத் தமனி நசுங்கும் என்பது. இரும்புக் குழாய் எளிதில் நசுங்காது. 200, 220 என்று ஏற்றினாலும் உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். கையில் 140, கணுக்காலில் 220 என்றால் விடை 1.57. இப்படி எல்லை மீறிய எண் வந்தால் டாக்டர் சந்தேகப்படுவார். அது ஒரு வகையில் நல்லது.

ஆபத்தானது இன்னொன்று. அடைப்பும் இறுக்கமும் ஒரே காலில் சேர்ந்திருக்கலாம். அடைப்பு எண்ணைக் கீழே இழுக்கிறது. இறுக்கம் மேலே தள்ளுகிறது. இரண்டும் சமனாகி 1.05 என்று அழகான எண் வந்து நிற்கிறது. காகிதத்தில் 'நார்மல்'. காலிலோ ரத்தம் போதவில்லை. இந்தப் பொய்யான 1.05 யாரையும் உஷார்ப்படுத்துவதில்லை.

சர்க்கரை நோயாளிக்கு இன்னொரு துரதிர்ஷ்டமும் உண்டு. நரம்புகள் மரத்துப்போயிருப்பதால் நடக்கும்போது வலியே தெரியாமல் போகலாம். அவருக்கு முதல் அறிகுறி வலி அல்ல, செருப்பு கடித்த இடத்தில் ஆறாத புண். அமெரிக்காவில் நடந்து 2001ல் வெளியான ஓர் ஆய்வில், வயதாலோ சர்க்கரை, புகைப் பழக்கத்தாலோ ஆபத்து மிகுந்த 6,979 பேரைப் பொதுமருத்துவர்களின் கிளினிக்குகளில் சோதித்தார்கள். 29 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. அவர்களில் பாடப் புத்தகம் சொல்லும் 'நடந்தால் வலி, நின்றால் நிம்மதி' என்ற அறிகுறி இருந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவே.

17,000க்கு ஒன்று

இப்படிப்பட்ட சோதனையை எவ்வளவு நம்பலாம்? 2010ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு எட்டு ஆய்வுகளில் இடம்பெற்ற 569 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. தமனி பாதிக்கு மேல் அடைபட்டிருப்பதை 0.90 என்ற எல்லை எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று பார்த்தது. நோய் இல்லாதவரை 'இல்லை' என்று சரியாகச் சொல்லும் திறன் 83 முதல் 99 சதவீதம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நோய் உள்ளவரை 'உண்டு' என்று கண்டுபிடிக்கும் திறன் ஆய்வுக்கு ஆய்வு 15 சதவீதத்திலிருந்து 79 சதவீதம் வரை அலைபாய்ந்தது. மிக மோசமாக இருந்தது முதியவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும்.

2016ல் இன்னும் கண்டிப்பான ஒரு தேடல் நடந்தது. மருத்துவ ஆதாரங்களைச் சலித்தெடுப்பதற்குப் பெயர்போன காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். நடந்தால் கால் வலி என்று வருபவரிடம் இந்தச் சோதனை எவ்வளவு துல்லியம்? 17,000க்கும் அதிகமான பதிவுகளைப் புரட்டினார்கள். 49 ஆய்வுகளை உன்னிப்பாக எடைபோட்டார்கள். தேறியது ஒன்றே ஒன்று. அதில் இருந்தவர்கள் 85 பேர். அந்த ஒன்றும் நோயாளிகளை எண்ணாமல் கால்களை எண்ணியிருந்தது. டாப்ளரால் அளந்தவர்கள் பயிற்சி இல்லாதவர்கள். அந்த ஆய்வில் டாப்ளர் முறை நோயுள்ள கால்களில் 95 சதவீதத்தைப் பிடித்தது. ஆனால் நோயில்லாத கால்களில் 56 சதவீதத்தை மட்டுமே சரியாக விடுவித்தது. தானியங்கிக் கருவிக்கு இந்த எண்கள் 97, 89.

முந்தைய தொகுப்பாய்வு சொன்னதற்கு இது கிட்டத்தட்டத் தலைகீழ். அரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் பயன்படும் சோதனைக்கு ஆதாரம் இவ்வளவு மெலிந்திருப்பது எப்படி? காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. ஒரு சோதனையைச் சோதிக்க, அது 'உண்டு' என்று சொன்னவர்களை மட்டும் அல்ல, 'இல்லை' என்று சொன்னவர்களையும் ஸ்கேன் எடுத்துச் சரிபார்க்க வேண்டும். விகிதம் நார்மல் என்று வந்தவருக்கு யார் ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள்? அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். சோதனை தவறவிட்டவர்கள் கணக்கிலும் தவறிவிடுகிறார்கள்.

இதற்காகச் சோதனையே பயனற்றது என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தால் அது காலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. 2008ல் 16 ஆய்வுகளின் 48,294 பேரைத் தொகுத்துப் பார்த்தபோது, 0.90க்குக் கீழே வந்தவர்களுக்கு அடுத்த பத்தாண்டில் இதய நோயும் மரணமும், அதே ஆபத்துப் பிரிவின் சராசரியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்று தெரிந்தது. காலில் அடைப்பு உள்ளவரின் இதயத்திலும் மூளையிலும் அதே கொழுப்பு படிந்துகொண்டிருக்கிறது. காலின் 'உண்டு' என்ற பதில் இதயத்துக்கான எச்சரிக்கையும்கூட.

இந்தியக் கால்கள்

இந்தியாவுக்கு இந்த விவாதம் ஏன் முக்கியம்? சோதனை எங்கே பலவீனமோ அங்கேதான் நம் நோயாளிகள் கூட்டமாக இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடி. 2016-17ல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். பீடி பிடித்தவர்கள் மட்டும் 7.7 சதவீதம்.

பீடி, சிகரெட்டோடு வரும் இன்னொரு நோய், 1908ல் நியூயார்க்கில் லியோ பர்கர் விவரித்தது. நாற்பதைத் தொடாத ஆண்களின் கை, கால் விரல்களைக் கருக்கும் இந்த நோய் மேற்கத்திய நாடுகளில் அரிதாகிவிட்டது. இந்திய ஆஸ்பத்திரிகளில் இன்னும் அப்படியில்லை. இது பாதத்தின் சிறிய தமனிகளிலிருந்து தொடங்குவது. அடைப்பு கணுக்காலுக்குக் கீழே இருந்தால், கணுக்காலில் அளக்கும் அழுத்தம் அதை எப்படிக் காட்டும்? வாய்க்காலின் மதகு வரை தண்ணீர் வந்திருக்கிறது என்பதால் கடைமடை வயல் நனைந்துவிட்டதாக அர்த்தமில்லை.

2000ல் வெளியான சென்னை நகர்ப்புற ஆய்வு ஒன்று இந்த விகிதத்தைக் கொண்டே கணக்கெடுத்தது. சோதிக்கப்பட்டவர்களில் 3.2 சதவீதம் பேருக்குக் கால் தமனி நோய். சர்க்கரை நோயாளிகளில் மட்டும் 6.3 சதவீதம். மேற்கத்தியக் கணக்குகளோடு ஒப்பிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடத் தோன்றும். ஆனால் சர்க்கரை நோயாளிகளிடம் தவறவிடும் அதே அளவுகோலால் அளந்து வந்த எண் இது. உண்மை அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்தக் குறையுள்ள சோதனைகூடக் கிடைப்பதில்லை. காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கும் அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவில், ஒருவரைப் பத்து நிமிடம் படுக்க வைத்து, இரு கைகளிலும் இரு கால்களிலும் அளக்க யாருக்கு நேரம்? நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவச முகாம்களிலும் அது நடக்கிறது. அங்கே அச்சடித்து வரும் 'நார்மல்' காகிதம் பத்திரமாக ஃபைலில் ஏறிவிடுகிறது. ஒரு பக்கம் சோதனையே இல்லை. மறுபக்கம் அதன் பதில் மேல் அளவுகடந்த நம்பிக்கை. இரண்டுக்கும் நடுவே விரலைப் பறிகொடுப்பது நோயாளி.

தேடிப்போய்ச் சோதிப்பதா?

அறிகுறி எதுவும் இல்லாதவர்களையும் அழைத்துச் சோதிக்க வேண்டுமா என்பதில் வல்லுநர்களே இரு கட்சி. அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொல்லும் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018ல், அறிகுறியற்ற எல்லோரையும் சோதிப்பதால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. இதய மருத்துவ அமைப்புகளோ, வயது, சர்க்கரை, புகைப் பழக்கம் போன்ற ஆபத்துகள் உள்ளவர்களைச் சோதிப்பது நியாயமே என்று 2024 வழிகாட்டுதலிலும் சொல்கின்றன. ஒன்றில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. அறிகுறி உள்ளவருக்கு இதுவே முதல் சோதனை. முதல் சோதனை என்பதற்குக் கடைசிச் சோதனை என்று பொருள் அல்ல.

சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழு 2019ல் இதை இன்னும் தெளிவாக்கியது. சர்க்கரை நோயாளியிடம் கால் தமனி நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல எந்த ஒற்றைச் சோதனையாலும் முடியாது. கணுக்கால் விகிதம், கால் விரல் விகிதம், டாப்ளர் அலையின் வடிவம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் நோய் இருக்கும் வாய்ப்பு குறைவு என்று மட்டுமே கொள்ளலாம்.

இதில் கால் விரல் விகிதம் என்பது கட்டைவிரலில் சுண்டு பட்டை ஒன்றைச் சுற்றி அளப்பது. நடுச்சுவர் இறுக்கம் விரல்களின் சிறு தமனிகளைப் பெரும்பாலும் விட்டுவைப்பதால், கணுக்கால் பொய் சொல்லும் இடத்தில் கட்டைவிரல் உண்மை சொல்லும். இங்கே எல்லை 0.70. டாப்ளரின் ஒலியும் பேசும். நல்ல தமனியில் மூன்று பாகமாகக் கேட்கும் துடிப்பு, அடைப்பைத் தாண்டியதும் ஒற்றை முனகலாகத் தேய்ந்துவிடும். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் டூப்ளெக்ஸ் ஸ்கேன். பலூனோ அறுவையோ தேவை என்னும் நிலையில்தான் சி.டி., எம்.ஆர். ஆஞ்சியோகிராம்கள். சி.டி.க்குச் செலுத்தும் சாயம் பழுதான சிறுநீரகத்துக்கு ஆகாது என்பதால், எடுத்த எடுப்பிலேயே அங்கே ஓட வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி

நோயாளியால் என்ன செய்ய முடியும்? முதலாவது, டாக்டரிடம் காலைக் காட்டுவது. கால்சட்டையை மடக்காமல், செருப்பைக் கழற்றாமல் கால் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. பாதத்தில் நாடி பார்க்கச் செலவு ஏதும் இல்லை. பாதத்தின் மேற்புற நாடி சிலருக்குப் பிறவியிலேயே தட்டுப்படாது என்பதால் கணுக்காலின் உட்புற நாடியையும் பார்ப்பார்கள். இரண்டும் தெளிவாகத் துடிப்பது நல்ல அறிகுறி. ஆனால் அதுவும் முழு உத்தரவாதம் அல்ல.

இரண்டாவது, விகிதம் நார்மல் என்று வந்தும் தொல்லை தொடர்ந்தால் கேட்பது. கையில் இரண்டு பக்கமும் பார்த்தீர்களா? நடந்த பிறகு பார்க்கலாமா? எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை, கட்டைவிரலில் அளக்க வசதி உண்டா? இவை அதிகப்பிரசங்கித்தனமான கேள்விகள் அல்ல. வலிக்கு முதுகுத்தண்டு நரம்பு நெருக்கம் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். நரம்பு நெருக்கத்தில் வெறுமனே நின்றால் வலி போகாது, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் குறையும். வலி எங்கே தொடங்கி எப்படி அடங்குகிறது என்று நோயாளி சொல்லும் வர்ணனை, பல சமயம் கருவியைவிடக் கூர்மையான துப்பு.

மூன்றாவது, சில சந்தர்ப்பங்களில் எந்த விகிதத்துக்கும் காத்திராமல் இருப்பது. கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு, கடும் வலியோடு மரத்துப்போனால் அது மணிக்கணக்கில் முடிவாகும் விஷயம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். படுத்தால் விரல்களில் வலி, காலைத் தொங்கப்போட்டால் சுகம் என்றாலோ, இரண்டு வாரமாகியும் விரல் புண் ஆறவில்லை என்றாலோ தள்ளிப்போடலாகாது. நரம்புச் சுருட்டுப் புண்ணுக்குக் காலை இறுக்கிக் கட்டும் முன் தமனியைச் சோதிப்பது அவசியம். ரத்தம் போதாத காலை இறுக்கிக் கட்டினால் மருந்தே வினையாகும்.

நோய் உறுதியானால் எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. புகையிலையை விடுவது, ஒழுங்கான நடைப் பயிற்சி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கட்டுக்குள். வலி வரும் வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சியால் நடக்கும் தூரம் கூடுகிறது என்பது நன்றாக நிரூபிக்கப்பட்டது. எளிய மருத்துவம்தான். உரிய நேரத்தில் தொடங்க வேண்டும், அவ்வளவே.

தவறான 'நார்மல்' பறிப்பது அந்த உரிய நேரத்தைத்தான். கணுக்கால் விகிதம் ஒரு நல்ல சாட்சி. குறைந்த எண்ணைக் காட்டி 'அடைப்பு உண்டு' என்று அது சொன்னால் பெரும்பாலும் ஏற்கலாம். 'இல்லை' என்று சொல்லும்போது, குறிப்பாகக் கூண்டில் நிற்பது சர்க்கரை நோயாளியின் கால் என்றால், குறுக்கு விசாரணை செய்யாமல் வழக்கை முடித்துவிடக் கூடாது.